எண்பது வயதில் இருபது பல்

ரெய்வா முதலாம் ஆண்டு (2019), மே 28, செவ்வாய்க்கிழமை
காலை ஒன்பது மணி நிலவரம்: வெப்பம் 18.2 டிகிரி, மெல்லிய தென்மேற்குக் காற்று, மேகம் பத்தில் மூன்று பங்கு

மதிப்பிற்குரிய சுமியே அக்கா அவர்களுக்கு,

புதுத்தளிர்களின் பச்சை நாளுக்கு நாள் கருத்துவரும் இவ்வேளையில், நெமுரோவில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (நம்பிக்கை எண்பது சதவீதம். மீதி இருபது, தாங்கள் ஏப்ரலில் சொன்ன முழங்கால் வலிக்காக ஒதுக்கியது.) தாங்கள் அன்புடன் அனுப்பிய உலர்ந்த சால்மன் துண்டுகள் வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. காரணம் கீழே வரும்.

சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. போன கடிதத்தைப் படித்துவிட்டு நீ போனில் கூப்பிட்டு, "என்னடா தெய்ஜி, நகராட்சிக்கு மனு போடற மாதிரி எழுதியிருக்க? நான் உன் அக்காடா, மேயர் இல்ல" என்று திட்டியதால், முதல் பத்திக்குப் பிறகு 'நீ' என்றே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தவறாகப் பட்டால் மன்னித்துவிடு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னிடம் ஒரு அனுமதி வேண்டும். ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் மன்றத்தில் 'எண்பதில் இருபது' விருது விழா. எண்பது வயதிலும் இருபது சொந்தப் பல் வைத்திருப்பவருக்கு நகராட்சி சான்றிதழும் ஒரு பெட்டி பல்பொடியும் கொடுக்கும். இந்த வருஷம் எனக்குக் கிடைத்திருக்கிறது. விருது பெறுபவர் மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் உன் பெயரையும் உன் பற்களைப் பற்றிய உண்மையையும் நான் சொல்ல விரும்புகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து முழுவதும் படித்துவிடு. கிழிப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நடந்தது இது. ஏப்ரலில் பல் டாக்டர் என் வாயில் சின்னக் கண்ணாடியை விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பத்தொன்பதில் நின்றுவிட்டார். கீழ்வரிசையில் இடது கோடியில் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் ஆடும். அதை விரலால் அசைத்துப் பார்த்து, கூரையைப் பார்த்து, "சரி, இதையும் சேத்துக்கலாம்" என்றார். ஆக இருபது. மறு வாரமே நகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து ஹரிகாயே என்ற பெண் வந்துவிட்டாள். இருபத்தாறு வயதிருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "சார், பேச்சுக்காக நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம். நானே எழுதிக் கொண்டாந்துட்டேன். அப்படியே படிச்சா போதும்" என்று ஒரு தாளை நீட்டினாள். 'என் பற்களின் ரகசியம்' என்று தலைப்பு. தினமும் மூன்று வேளை பல் தேய்த்தேன், சின்ன மீன்களை முள்ளோடு மென்றேன், எப்போதும் சிரித்த முகமாக இருந்தேன் என்று எழுதியிருந்தது. நான் இரண்டு வேளைதான் தேய்க்கிறேன், சின்ன மீன் எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன். (சிரித்த முகம் பற்றி உனக்கே தெரியும்.) "அதெல்லாம் யார் சார் பாக்கப் போறாங்க? போன வருஷமும் இதேதான் படிச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க" என்றாள்.

அக்கா, நாற்பது வருஷம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். மழை வரும் என்று ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. அறுபது சதவீதம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதையும் மெல்லிய குரலில்தான் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை மேடையேற்றி, பல் நிலைத்ததற்குக் காரணம் சின்ன மீன்தான் என்று அடித்துச் சொல்லச் சொன்னால் எப்படி? எனக்கு உண்மைக் காரணம் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஆகவே ஆய்வு செய்தேன். எங்கள் பூங்காவில் காலை ஆறரைக்கு வானொலி கேட்டுச் செய்யும் உடற்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் என்னைத் தவிர இருபத்தேழு பேர். கோடு போட்ட தாளில் கட்டம் கட்டினேன். எத்தனை பல், தினமும் எத்தனை முறை தேய்ப்பு, இனிப்பு, புகை, போன வருஷம் பல் டாக்டரிடம் எத்தனை தடவை, படிப்பு, பார்த்த வேலை. பல் எண்ணிக்கையைத் தாளால் மூடிவிட்டு, மற்றக் கட்டங்களைப் பார்த்தே ஒருவருக்கு இருபது பல்லுக்கு மேலா கீழா என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது என் திட்டம். முகத்துக்கு நேரே இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் முதலில் போன் செய்தேன்.

இங்கேதான் தவறு நடந்தது. நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "மன்னிக்க வேண்டும். தாங்கள் தனியாக வசிக்கிறீர்களா? எத்தனை பல் மிச்சமிருக்கிறது? அவற்றில் தங்கப்பல் எத்தனை?" (சொந்தப் பல்லையும் கட்டிய பல்லையும் பிரித்து எழுத வேண்டுமே.) நான்கு பேர் போனை வைத்துவிட்டார்கள். ஐந்தாவது நபர் அழுதுவிட்டார். சரி, நேரிலேயே போகலாம் என்று சாம்பல் நிறத் தொப்பியும் எழுது அட்டையுமாக மூன்று வீட்டு வாசலில் நின்றேன், கதவு திறக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் தினமும் போடும் பாட்டு முடிந்ததும் அறிவிப்பு வந்தது: தனியாக வசிக்கும் முதியவர்களிடம் தங்கப்பல் பற்றி விசாரிக்கும் சந்தேகத்துக்குரிய ஆள் நடமாடுகிறான், வயதானவன், சாம்பல் நிறத் தொப்பி, கையில் அட்டை, எல்லோரும் கதவைத் தாழிட்டுக்கொள்ளவும். நானும் தனியாக வசிக்கும் முதியவன்தானே, எனக்கும் ஒரு தங்கப்பல் இருக்கிறதே. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. அந்த ஆளின் அடையாளங்களைத் தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தேன்.

மூன்றாம் நாள், உடற்பயிற்சிக்கு இரண்டு நாளாக வரவில்லையே, கிழவன் உள்ளேயே விழுந்து கிடக்கிறானோ என்று யாரோ சொல்ல, போலீஸ்காரர் குனிசாக்கி வந்து கதவைத் தட்டினார். சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பேசினேன். "அந்த ஆள் பிடிபட்டானா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். என் பின்னால் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். செருப்பு அலமாரிமேல் இருந்த அட்டையைப் பார்த்தார். அட்டையில் மேலேயே 'தங்கப்பல்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. "ஐயா, கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போலாமா?" என்றார். அப்போதுதான் எனக்கே விளங்கியது.

என்னை மீட்டது ஒகிட்சு அம்மாள். எங்கள் தெருக் கோடியில் இருப்பவள், எழுபத்தொன்பது வயது, மீனை அரைத்து அவித்துக் கட்டி போடுகிறார்களே அந்தத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். அவளுடைய குரலுக்கு ஊர் ஒலிபெருக்கியே தேவலை. ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே, "யாரு, இவரா கொள்ளக்காரன்? இவரு குடையில்லாம பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக மாட்டாரு, விடுங்கய்யா!" என்றாள். குனிசாக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோரும் தாங்களாகவே வந்து வாயைத் திறந்து காட்டுகிறார்கள். அவமானம் ஆய்வுக்கு உதவும் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் கட்டங்கள் நிரம்பியதும் தலை சுற்றியது. தேய்ப்பதை வைத்துச் சொன்னால் இருபத்தேழில் பதின்மூன்று சரி. காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். இனிப்பை வைத்துச் சொன்னால் பதினான்கு. டாக்டரிடம் போன தடவையை வைத்துச் சொன்னால் எட்டே எட்டு! அதாவது டாக்டரிடம் அதிகம் போகிறவர்களுக்குத்தான் பல் குறைவு. பல் டாக்டர்கள்தான் ஊரின் பல்லைத் தின்கிறார்களோ என்று நினைத்து, சுகாதாரப் பிரிவுக்கு ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அனுப்பவில்லை, அஞ்சல் பெட்டிவரை போய்த் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பூங்கா பெஞ்சில் ஒகிட்சு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன வானிலை சார், என் வாய்க்கு இன்னிக்கு மழை உண்டா?"

"தாங்கள் தினமும் நான்கு முறை பல் தேய்ப்பதாக எழுதியிருக்கிறேன். சரிதானா?"

"சரிதான். இருக்கறது மூணு பல்லு. அதுவாச்சும் பளபளன்னு இருக்கட்டுமே."

"போன வருஷம் டாக்டரிடம் பன்னிரண்டு தடவை."

"இப்ப மாசாமாசம் போறேன், பல்செட்டு ஈறுல உரசுதுன்னு. வேலைக்குப் போன காலத்துல மொத்தமே ஏழு தடவ. ஏழு தடவயும் புடுங்கத்தான்."

"வலிப்பதற்கு முன்பே போய்க் காட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன். அக்கா, இப்படிக் கேட்டதை நினைத்தால் இந்த நிமிடம்வரை கூசுகிறது.

அவள் கோபப்படவில்லை. பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "வலிக்காத பல்லக் காட்டணும், லீவு குடுங்கன்னு மேஸ்திரிகிட்ட கேட்டுப் பாருங்களேன். 'பல்லு நல்லாத்தான இருக்கு, அப்புறம் என்ன நோவு உனக்கு? நாளைக்கும் வீட்டுலயே இருந்துக்கோ'ம்பான். டாக்டர் கடை ஒம்போது மணிக்குத் திறப்பான், அஞ்சரைக்குச் சாத்துவான். எங்க பாக்டரி பெல்ட்டு எட்டுக்கு ஓட ஆரம்பிச்சா ஆறுக்குத்தான் நிக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க சார். நீங்கதான் கட்டம் போடறவராச்சே."

எழுதிப் பார்த்தேன். எங்கள் நிலையத்தில் வானத்தைப் பார்த்துக் குறிக்கும் நேரம் காலை ஒன்பது, பிற்பகல் மூன்று. நடுவில் ஆறு மணி நேரம் வானம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் நடந்துபோய் டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு, வழியில் ஒரு நூடுல்ஸும் சாப்பிட்டுவிட்டு வருவேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது ஒரு சலுகை என்றே எனக்கு நாற்பது வருஷம் தெரியாது. ஆகவே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'வேலை பார்த்த காலத்தில், வலியில்லாத பல்லைக் காட்ட, வாரநாள் காலை பத்து மணிக்கு, யாரிடமும் கெஞ்சாமல் போக முடிந்ததா? ஆம் அல்லது இல்லை.' இருபத்தேழு பேரிடமும் கேட்டேன். பல் எண்ணிக்கையை மூடிவிட்டு இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன். இருபத்துநான்கு சரி! தவறியவர்கள் மூவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து பட்டு வரிசையே போன வங்கி மேலாளர் ஒருவர். கட்டட வேலைக்குப் போய் எண்பத்தொரு வயதில் இருபத்தாறு பல்லோடு இருக்கும் ஒரு பெண்மணி, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொருவர் மளிகைக்கடைக்காரர், வேண்டியபோது போக முடிந்தும் பயத்தில் போகாதவர், அவரை எனக்கு நன்றாகப் புரிகிறது. இருபத்தேழுக்கு இருபத்துநான்கு, அக்கா! நாளைக்கு மழையா என்பதைக்கூட நான் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. பல் போவதை முன்கூட்டிச் சொல்ல வாய்க்குள் எட்டிப் பார்ப்பதைவிட, அந்த ஆள் எங்கே எத்தனை மணிவரை நின்றுகொண்டிருந்தார் என்று பார்ப்பது மேல்.

இருபத்தெட்டாவதாக ஒரு பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சுமியே, எண்பத்துநான்கு, பதினைந்து வயதிலிருந்து நெமுரோ நண்டு டப்பாத் தொழிற்சாலை. பத்து மணிக்குப் போக முடிந்ததா? இல்லை. உன் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஷோவா 51-இல் உன் வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் கண்ணாடி டம்ளரில் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். நாற்பத்துமூன்று வருஷமாக நாம் இருவரும் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. உன் பாட்டுக் குழுவில் 'அத்தனையும் என் பல்லுதான்' என்று நீ சொல்லிக்கொள்வதும், காசு கொடுத்து வாங்கியது உன்னுடையதுதானே என்ற உன் நியாயமும் தெரியும். விழாப் பேச்சு நகராட்சியின் இணையப் பக்கத்தில் வரும், அங்கே யாராவது படித்துவிடுவார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கேட்பதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்தைந்து வருஷத்துக்கு முன், ஷோவா 29-ஆம் ஆண்டுக் குளிர்காலம், நான் உயர்நிலைப் பள்ளி முதலாண்டு. பள்ளி மருத்துவச் சோதனையில் எனக்கு இரண்டு பல் சொத்தை என்று சீட்டு கொடுத்தார்கள். அதே வாரம் நீ பணம் வைத்து அனுப்பிய உறை வந்தது. 'குளிருக்கு ஒரு சட்டை வாங்கிக்கோ' என்று எழுதியிருந்தாய். நான் சட்டை வாங்கவில்லை. பல் டாக்டரிடம் போய் இரண்டையும் அடைத்துக்கொண்டேன். உனக்கு, 'சட்டை நீல நிறம், காலர் நன்றாகப் பொருந்துகிறது' என்று எழுதினேன். புத்தாண்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு வா என்று நீ சொன்னதும், எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். அந்த மாதம் முழுவதும் நீ தாடை வீங்கி, முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு நண்டு உடைத்துக்கொண்டிருந்தாய் என்று சித்தி மகள் சொல்லித்தான் வசந்தத்தில் தெரிந்துகொண்டேன். இல்லாத எலிக்காக நீ என்னிடம் வருத்தப்பட்டாய், அதுவும் நினைவிருக்கிறது. அந்த இரண்டு பல்லும் இந்த இருபதில் இருக்கின்றன. ஆடுகிறதே, அது அவற்றில் ஒன்று.

இதைச் சொல்லி அழுவதற்காக மேடை கேட்கவில்லை, அதற்கு எனக்குத் தைரியமும் கிடையாது. ஒகிட்சு அம்மாள் நின்ற பெல்ட்டு இன்னும் எட்டு முதல் ஆறுவரைதான் ஓடுகிறது. இப்போது அங்கே நிற்பவர்கள் வியட்நாமிலிருந்து வந்த நாற்பது பெண்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது, ஆளுக்கு இருபத்தெட்டு பல். அறுபது வருஷம் கழித்து அவர்கள் வாயில் என்ன மிஞ்சும் என்று என் கட்டம் இன்றைக்கே சொல்கிறது. எங்கள் தொழிலில், தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தால் வேலை போய்விடும். வருஷத்துக்கு ஒருநாள், வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல், பல் டாக்டரை அந்தத் தொழிற்சாலைக்கே அனுப்புங்கள் என்று மேயர் முன்வரிசையில் இருக்கும்போது கேட்கப் போகிறேன். வெறும் கட்டத்தைக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். உன்னைச் சொன்னால் கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன், சின்ன மீன் தாளையே படித்துவிட்டு இறங்கிவிடுவேன். உன் சொல்லை மீறி நான் எதுவும் செய்ததில்லை, சட்டையைத் தவிர.

விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை ஆடும் பல் நிற்குமா என்று நீ கேட்பாய். தினமும் அளக்கிறேன். ஆறு வாரமாக அசைவு கூடவில்லை. நிற்பதற்கான வாய்ப்பு தொண்ணூற்றொன்பது சதவீதம். இந்த எண்ணை நான் வாழ்நாளில் இதற்கு முன் எழுதியதே இல்லை. முன்னெச்சரிக்கையாகத்தான் சால்மன் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன், இனி அதற்கும் அவசியமில்லை என்று தோன்றுகிறது.

நெமுரோவில் அடுத்த வாரம் கடல் மூடுபனி இருக்கும், முழங்காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள். உன் குரலும் முழங்காலும் உன் பற்களும் (அவை யாருடையவையாக இருந்தாலும்) நெடுநாள் உன்னோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, பேனாவை மூடுகிறேன்.

பணிவுடன்,
உன் தம்பி தெய்ஜி

பின்குறிப்பு, மே 30, வியாழன்: உறையை ஒட்டுவதற்கு முன், செவ்வாய் இரவே சால்மனைப் பிரித்தேன். மூன்றாவது கடியில் பல் வந்துவிட்டது. ஷோவா 29-இல் அடைத்த அதே பல். உன் காசில் நின்றதை உன் மீனே வாங்கிக்கொண்டது, நான் குறை சொல்லவில்லை. இப்போது பத்தொன்பது. ஹரிகாயேவுக்குப் போன் செய்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "சார், வேற யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?" என்றாள். ஒகிட்சு அம்மாளிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப ஊருக்கே தெரியும்" என்று பெருமூச்சு விட்டாள். விருது இருபத்தேழு பல் உள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் போய்விட்டது. சின்ன மீன் தாளை இப்போதே அவர் ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பழகுகிறாராம். ஒகிட்சு அம்மாளோ, "வாங்க சார் வாங்க, எங்க பக்கம் இடம் நெறைய இருக்கு" என்று மூன்றாம் வரிசையில் எனக்கு நாற்காலி பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே மேடை இல்லை, மேலே கேட்ட அனுமதியும் தேவையில்லை. ஆனால் விழா முடிவில் பார்வையாளர் கேள்விக்கு ஐந்து நிமிடம் உண்டு. என் கேள்வியின் நீளம் நான்கு நிமிடம் ஐம்பது வினாடி, ஒத்திகை பார்த்துவிட்டேன், உன் பெயர் இரண்டாவது நிமிடத்தில் வருகிறது. நீ மறுப்பாய் என்பது என் கணிப்பில் தொண்ணூற்றொன்பது சதவீதம். என் தொண்ணூற்றொன்பது என்ன கதியானது என்று இப்போதுதான் பார்த்தேன், அதனால் உன் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அன்று நீலச் சட்டை போட்டுக்கொள்வேன். நேற்றுதான் வாங்கினேன். காலர் நன்றாகப் பொருந்துகிறது.